மோதாமலே ஒரு மோதல்

ஆற்றுக்கு நடுவே நிற்கும் பாலத்தூணைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் தூணைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விலக ஆரம்பித்துவிடும். "எதிரே ஏதோ இருக்கு" என்கிற செய்தி, மூலக்கூறுக்கு மூலக்கூறு மோதி, பின்னால் வரும் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வருகிற வேகம் அந்தச் செய்தியின் வேகத்தைவிட அதிகமானால்? முன்னறிவிப்பே கிடையாது. திடீரென்று வேகம் குறைந்து, நெருங்கி, சூடாக வேண்டியதுதான். அந்தத் திடீர் எல்லைக்குப் பெயர்தான் அதிர்ச்சி அலை.

பூமிக்கு முன்னாலும் அப்படி ஒன்று நிற்கிறது. சூரியக்காற்று விநாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வருகிறது. இங்கே தூண், நம் காந்தப்புலம். சூரியனைப் பார்த்த பக்கத்தில் ஏறக்குறைய 90,000 கி.மீ. தள்ளி அதிர்ச்சி அலை இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஓர் இடம் உதைத்தது. சூரியக்காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்கள்தான் இருக்கும். ஒன்று இன்னொன்றோடு மோத, சராசரியாக பூமி-சூரியன் தூரம் அளவுக்கு, அதாவது 15 கோடி கி.மீ. போக வேண்டும். ஆனால் அதிர்ச்சி அலையின் தடிமன் சில நூறு கி.மீ.தான். அப்போ பிரேக் போடுவது யார்?

1962ல் ஆக்ஸ்ஃபோர்டும் கெல்லாகும் தனித்தனியே இந்த அலையைக் கணித்தபோதே இந்தக் கேள்வி இருந்தது. 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐஎம்பி-1 விண்கலம் அதை நேரிலேயே கடந்தது. "இருக்கா?" என்பது போய், "எப்படி?" மட்டும் மிஞ்சியது.

பதில்: பிளாஸ்மா அலைகள். புரோட்டானும் எலக்ட்ரானும் மின்னூட்டம் உள்ளவை. ஒன்றையொன்று இடிக்காமலே, மின்புலம், காந்தப்புலம் வழியாகத் தள்ளிக்கொள்ள முடியும். அதிர்ச்சி அலையில் பட்டுத் திரும்பும் துகள்கள், வந்துகொண்டிருக்கும் காற்றுக்கு எதிராகப் பாய்கின்றன. இரண்டு ஓட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று போனால் பிளாஸ்மா அமைதியாக இருக்காது, அலைகள் கிளம்பும். அந்த அலைகள் துகள்களைக் கண்டபடி சிதறடிக்கின்றன. ஒரே திசையில் ஓடிய வேகம் வெப்பமாகிறது. மோதல் செய்ய வேண்டிய வேலையை அலைகள் செய்துவிடுகின்றன!

இன்னொரு சமாச்சாரம். அதிர்ச்சி அலையிலிருந்து முன்னால் ஓடிவரும் எலக்ட்ரான்கள் எழுப்பும் ஒரு வகை அதிர்வின் அதிர்வெண், அந்த இடத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதையே பொறுத்தது. அதிர்வெண் தெரிந்தால் அடர்த்தி தெரிந்துவிடும்.

வாயேஜர்-1 விஷயத்தில் இதுதான் கைகொடுத்தது. 2012ல் அது சூரியக் குடும்பத்தின் காற்றுக்குமிழியைவிட்டு வெளியேறியதா என்று பெரிய விவாதம். பிளாஸ்மாவை நேரடியாக அளக்கும் கருவி 1980லேயே பழுது. அப்போது, 2012 மார்ச்சில் சூரியனில் கிளம்பிய வெடிப்பின் அதிர்ச்சி ஒரு வருஷத்துக்கு மேல் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2013 ஏப்ரலில், டொனால்ட் கர்னெட் குழுவின் அலைக் கருவி 2.6 கிலோஹெர்ட்ஸ் அதிர்வைப் பிடித்தது. கணக்குப் போட்டால் கன சென்டிமீட்டருக்கு 0.08 எலக்ட்ரான்; குமிழிக்கு உள்ளே இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு. கலம் வெளியேதான் இருக்கிறது! முந்தைய பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, எல்லை தாண்டிய நாள் 2012 ஆகஸ்ட் 25 என்று முடிவானது.

2.6 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டும் அதிர்வெண்தான். ஸ்பீக்கரில் போட்டால் மெல்லிய விசில் மாதிரி கேட்கும். விண்மீன்களுக்கு நடுவே வந்துவிட்டோம் என்பதை நமக்குச் சொன்னது அந்த விசில்தான்.