குடும்பத்தைக் குலைத்தது எது?

பகுத்தறிவு பேசினால் குடும்பம் பாழாகும் என்று ஒரு பேச்சு உண்டு. கோயில் காலட்சேபத்தில் கேட்டிருப்பீர்கள். மாதா கோயில் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். ஏன், வீட்டுத் திண்ணையில் மாமனார் வாயிலிருந்தே கேட்டிருப்பீர்கள். மனைவி தொழுகிறாள், கணவன் மறுக்கிறான். தகப்பன் ஜெபம் செய்கிறான், மகன் கேள்வி கேட்கிறான். அந்த வீடு உருப்படுமா என்கிறார்கள்.

நல்ல கேள்விதான். இதைக் கண்டு நாம் ஓடி ஒளிய வேண்டியதில்லை. ஆனால் ஊகத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டாம். நடந்ததை வைத்துச் சொல்லுவோம். அதற்காகச் சற்றுத் தொலைவு போய் வருவோம் தோழர்களே, இங்கிலாந்து வரை. ஏன் இங்கிலாந்து? அரசும் கிறிஸ்தவ சபையும் கைகோத்து ஆண்ட நாடு அது. ஆண்டவனை நம்பியவர், இல்லை என்றவர், இரண்டுக்கும் நடுவே 'அறியேன்' என்று நின்றவர் என மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ட வீடுகள் அங்கே இருந்தன. அவற்றில் எது உடைந்தது, எது நின்றது, உடைத்தது யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.

தந்தையிடமிருந்து பிள்ளைகள்

1811ஆம் ஆண்டு. ஷெல்லி என்ற இளைஞர், பின்னாளில் பெருங்கவிஞர் என்று பெயர் பெற்றவர், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர். நாத்திகம் பற்றி ஒரு சிறு துண்டு நூல் வெளியிட்டார். பல்கலைக்கழகம் என்ன செய்தது? மறுத்து ஒரு நூல் எழுதிற்றா? இல்லை. வெளியே போ என்றது! அத்தோடு விட்டார்களா? 1816ல் அவரைப் பிரிந்து வாழ்ந்த முதல் மனைவி ஹாரியட் இறந்தார். இரண்டு குழந்தைகள் இருந்தன. தகப்பன் கேட்டார். 1817ல் எல்டன் பிரபு என்ற பெரிய நீதிபதி, அந்தத் தகப்பனிடம் பிள்ளைகளைத் தர முடியாது என்று தீர்ப்பளித்தார். அவருடைய கொள்கையும் அதன்படி அவர் நடந்த நடத்தையும் காரணம் என்றார்கள். ஷெல்லி மீது வேறு குறை சொல்ல விரும்புவோருக்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வழக்கு மன்றத்தில் சாட்சியாக நின்றவற்றில் அவர் எழுதிய புத்தகமும் ஒன்று.

மூன்று நாள் கெடு

அடுத்து ஏழை வீட்டுக்கு வருவோம். சார்லஸ் பிராட்லா, 1833ல் லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பு நின்றது, வேலைக்குப் போனார். ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த பையன் அவர். பாடம் நடத்துவதற்காகச் சுவிசேஷங்களைக் கருத்தோடு படித்தார். சபை வகுத்த கொள்கைகளோடு அவை ஒத்துப் போகவில்லை என்று தோன்றிற்று. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். கேட்டது விளக்கம்; கிடைத்தது பட்டம்! 'உம் மகன் நாத்திகனாகிறான்' என்று தகப்பனுக்கு ஓலை போயிற்று. முடிவில் மூன்று நாள் கெடு: கருத்தை மாற்று, இல்லையேல் வேலை போகும். பதினாறு வயதளவில் வீட்டை விட்டு வெளியேறினார் அந்தப் பையன்.

கவனியுங்கள் தோழர்களே! கேள்வி கேட்டபோது அவர் நாத்திகர் அல்லர். ஐயம் கொண்ட கிறிஸ்தவர். தள்ளித் தள்ளி நாத்திகராக்கியது யார்? அதே பிராட்லா 1880ல் நார்தாம்டன் தொகுதியில் வென்றார். ஆண்டவன் பெயரால் உறுதிமொழி எடுப்பது பற்றிய தகராறில் ஆறு ஆண்டு அவரைப் பாராளுமன்றத்தில் அமர விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886ல் அமர்ந்தார். ஆண்டவன் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறலாம் என்ற சட்டத்தை 1888ல் நிறைவேற வைத்தார்.

தாயிடமிருந்து மகள்

மூன்றாவது வீடு பாதிரியார் வீடே. அன்னி பெசன்ட்டை நமக்குத் தெரியும். சென்னை அடையாற்றில் இருந்தவர், ஹோம் ரூல் இயக்கம் நடத்தியவர், நம் முன்னோடிகள் கடுமையாக எதிர்த்து நின்றவர். அந்த எதிர்ப்பு வேறு கணக்கு. 1873ல் அவர் யார்? லிங்கன்ஷயரில் ஒரு சிற்றூர்ப் பாதிரியாரின் மனைவி, வயது இருபத்தைந்து, இரண்டு குழந்தைகளின் தாய். குழந்தை மேபல் கக்குவான் இருமலில் உயிருக்குப் போராடியதைப் பார்த்துக் கொண்டிருந்த இரவுகளில் ஐயம் பிறந்தது: கருணையுள்ள கடவுள் இதைச் செய்வாரா?

கணவர் சொன்னது சுருக்கமானது. தேவாலயத்தில் நற்கருணை பெறு. இல்லையேல் வீட்டை விட்டுப் போ. அவர் போனார். மகன் தகப்பனிடம், மகள் தாயிடம் என்று ஒப்பந்தமாயிற்று. பிறகு பிராட்லாவோடு சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டு 1877ல் வழக்கைச் சந்தித்தார். 1878ல் நீதிமன்றம் அவரிடமிருந்து மேபலையும் பிடுங்கிற்று. நாத்திகம் பேசுவதும் அந்த நூலை வெளியிட்டதும் தாய்க்குத் தகுதிக் குறைவாம்!

இன்னொன்றையும் தொழிலாளத் தோழர்கள் குறித்துக் கொள்ள வேண்டும். திருமணமான புதிதில் அந்த அம்மையார் ஒரு கதை எழுதி முப்பது ஷில்லிங் சம்பாதித்தார். முதல் வருமானம்! மகிழ்ந்தார். பிறகுதான் தெரிந்தது, அன்றைய சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம் என்று. கையில் காசில்லாதவளுக்குக் கொள்கை ஏது? 'நம்பு, இல்லையேல் போ' என்ற கட்டளைக்கு வலிமை கொடுத்தது வேதம் மட்டுமா? பணப்பெட்டியும்தான்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கதையும் இந்த வரிசைதான். 1876ல் தகப்பனும் இறந்தபோது அவருக்கு வயது மூன்று. தகப்பனார் சிந்தனையாளர், தம் பிள்ளைகளை வளர்க்க இரண்டு நாத்திக நண்பர்களை உயிலில் நியமித்திருந்தார். தாத்தா முன்னாள் பிரதமர். உயில் நின்றதா? நீதிமன்றத்தின் துணையோடு பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளை எடுத்துக் கொண்டார்கள், கிறிஸ்தவராக வளர்ப்பதற்காக. அந்தப் பிள்ளைதான் 1927ல் தான் ஏன் கிறிஸ்தவனல்ல என்று விளக்கி உலகறிந்த சொற்பொழிவை ஆற்றினார்!

உடையாத ஒரு வீடு

இப்போது கென்ட் பகுதியில் டவுன் என்ற சிற்றூருக்கு வாருங்கள். மனிதன் எப்படித் தோன்றினான் என்று ஆராய்ந்து உலகையே உலுக்கிய சார்லஸ் டார்வின் வீடு. இந்த வீடல்லவா முதலில் இடிந்திருக்க வேண்டும்?

1839ல் எம்மாவை மணந்தார் டார்வின். உன் ஐயங்களை மனைவியிடம் மறைத்து வை என்று தகப்பனார் யோசனை சொல்லியிருந்தார். அவர் மறைக்கவில்லை; மணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். எம்மா உறுதியான கிறிஸ்தவர். சண்டை போட்டாரா? கடிதம் எழுதினார். இம்மையோடு நம் உறவு முடிந்துவிடுமோ, மறுமையில் நாம் சேர மாட்டோமோ என்ற அச்சத்தை அதில் கொட்டினார். அந்தக் கடிதத்தை டார்வின் சாகும்வரை பாதுகாத்தார். அதன் கீழேயே, இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்ற பொருள்பட எழுதி வைத்தார்.

1851ல் அவர்களுடைய பத்து வயது மகள் ஆனி இறந்தாள். எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டில் இருந்தார். தொலைவில், மால்வெர்ன் என்ற ஊரில், படுக்கையருகே தகப்பன். துயரம் இருவருக்கும் ஒன்று. ஆறுதல் வேறு வேறு. அவர் ஆண்டவனிடம் போனார். இவரால் போக முடியவில்லை. ஞாயிறுதோறும் குடும்பம் தேவாலயம் போகும். டார்வின் உலாவப் போவார். எம்மா பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தார்; அவர் தடுக்கவில்லை. டார்வின் ஆராய்ச்சி செய்தார், எம்மா தடுக்கவில்லை. ஊர்ப் பாதிரியாரோடு டார்வினுக்கு நீண்ட நட்பு. உழைக்கும் மக்கள் நோய்க்கும் சாவுக்கும் காசு சேர்த்து வைத்த ஊர்ச் சங்கத்துக்குக் கணக்குப் பார்த்தவர் டார்வின்.

'அக்னாஸ்டிக்', அதாவது அறியேன் என்பவர் என்ற சொல்லை அவருடைய நண்பர் ஹக்ஸ்லி 1869ல் உண்டாக்கினார். தமக்கு அதுவே பொருந்தும் என்றார் டார்வின். 1881ல் எட்வர்டு அவெலிங், லுட்விக் பூக்னர் என்ற இரண்டு நாத்திகர்கள் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். மேசையில் எம்மாவும் இருந்தார். அந்தப் பழைய பாதிரியாரும் இருந்தார். கூரை இடிந்து விழவில்லை தோழர்களே!

ஆனால் நேர்மையாகப் பேசுவோம். அந்த வீட்டில் வலி இல்லாமலில்லை. மதத்தைத் தாக்கும் எழுத்துக்குத் துணை போனால் என் குடும்பத்தாரில் சிலர் வருந்துவார்கள் என்று 1880ல் அவெலிங்குக்கே கடிதம் எழுதி ஒதுங்கினார் டார்வின். கோழைத்தனம் என்று சொல்லும் தோழர்கள் இருப்பார்கள். நம்பாதவர்க்கெல்லாம் நித்திய நரகம் என்றால் என் தந்தைக்கும் அண்ணனுக்கும் நண்பர்களுக்கும் அதுவா என்று தம் வரலாற்றில் அவர் சினந்து எழுதியதை, எம்மாவின் விருப்பப்படி நீக்கித்தான் 1887ல் வெளியிட்டார்கள். பேத்தி நோரா பார்லோ 1958ல் முழு நூலையும் வெளியிட்டார். 71 ஆண்டு உண்மை மூடிக் கிடந்தது. அன்புக்குக் கொடுத்த விலை அது. சிறிய விலை என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது கூட்டிப் பாருங்கள். ஷெல்லி வீட்டில் நீதிபதி வந்தார். பிராட்லா வீட்டில் பாதிரியும் முதலாளியும் வந்தார்கள். பெசன்ட் வீட்டில் கணவனின் கட்டளையும் சட்டமும் வந்தன. டார்வின் வீட்டிலோ கருத்து வேற்றுமை மட்டுமே இருந்தது, கட்டாயம் இல்லை. குடும்பத்தைக் குலைத்தது ஐயமா, ஆதிக்கமா?

நம் நாட்டிலும் புரோகிதரில்லாமல் மணந்த சுயமரியாதைத் தம்பதிகளின் மணம் செல்லாது என்று சட்டம் சொன்ன காலம் இருந்தது. 1967ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் அந்த இழிவைத் துடைத்தது. ஆதிக்கம் நம்மீது பாய்ந்தபோது பட்ட பாடு நமக்குத் தெரியும்.

தெரிந்த நாமே அதைச் செய்யலாமா? மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மனைவியின் கழுத்துச் சிலுவையைக் கழற்று என்று அதட்டும் தோழர் உண்டா இல்லையா? தாய் வைத்திருக்கும் மாதா படத்தைத் தூக்கி எறிந்தால் அது புரட்சி என்று நினைக்கும் தம்பி உண்டா இல்லையா? அவர் கையில் இருப்பது பகுத்தறிவு அல்ல. எல்டன் பிரபுவின் தீர்ப்பு. பாதிரியார் பெசன்ட் 'நம்பு, இல்லையேல் போ' என்றார். இவர் 'நம்பாதே, இல்லையேல் போ' என்கிறார். சொல்தான் மாறிற்று, சோற்றுப் பானையைக் காட்டி மிரட்டும் முறை மாறவில்லை.

அதற்காக வாய்மூடிக் கிடக்கச் சொல்லவில்லை. டார்வினைப்போல மணத்துக்கு முன்பே சொல்லுங்கள். பெண்ணும் சம்பாதிக்கட்டும், அவள் சம்பாத்தியம் அவளிடமே இருக்கட்டும். அப்போதுதான் அவள் சொல்லும் 'ஆம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் மதிப்பு. பிள்ளைகள் இரு பக்கமும் கேட்டு வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் புறப்படுகிறாளா? மழை வந்தால் குடையை எடுத்துக் கொடுங்கள். மாலையில் அவள் கேட்டால், நீங்கள் ஏன் போகவில்லை என்பதை உட்கார்ந்து சொல்லுங்கள்.

கெடு வைத்து எவரையும் நம்ப வைக்க முடியாது. நம்பாமல் இருக்க வைக்கவும் முடியாது. பதினாறு வயதுப் பிராட்லா நமக்குச் சொல்லிப் போன பாடம் அது.