வெறும் பாக்குதானே!

"புகையிலையெல்லாம் கிடையாது டாக்டர், வெறும் பாக்குதான்." ஆறாத வாய்ப்புண்ணோடு வருகிறவரிடம் பழக்கவழக்கத்தைப் பற்றிக் கேட்டால் இப்படிப் பதில் வருவது வழக்கம். சொல்பவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். அவரை நம்பவைத்ததில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. புற்றுநோய் என்றதும் செல்போன் கோபுரத்தையும் பிளாஸ்டிக் டப்பாவையும் கவலையோடு பார்க்கிறோம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்குப் பொட்டலத்தையும் கல்யாணப் பந்தி முடிந்ததும் நீட்டப்படும் தாம்பூலத் தட்டையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. புகையிலை குற்றவாளி, பாக்கு அதோடு சேர்ந்து கெட்ட பெயர் வாங்கிய அப்பாவி என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்த எண்ணம் தவறு. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும்.

வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை முதலில் எழுதிவைத்தவர்களில் பலர் நம் மண்ணில் வேலை பார்த்தவர்கள். 1902-ல் சென்னையிலிருந்து நிப்லாக் என்ற அறுவை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இருந்த மிஷன் மருத்துவமனையின் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதே நெய்யூரிலிருந்து 1933-ல் ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோயைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். ஆனால் இங்கே வெற்றிலையோடு புகையிலையும் போடுவது பரவலான வழக்கம். அதனால் பழி முழுவதும் புகையிலையின் மேல் விழுந்தது. 1985-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை ஆராய்ந்தபோதும், புகையிலை சேர்ந்த வெற்றிலைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டு, புகையிலை சேராததற்குப் போதிய சான்று இல்லை என்று நிறுத்திக்கொண்டது.

அந்தச் சான்று தைவானிலிருந்து வந்தது. அங்கே பச்சைப் பாக்கைச் சுண்ணாம்போடு சேர்த்து மெல்லுவார்கள், புகையிலை சேர்ப்பதில்லை. அப்படியிருந்தும் அங்கே ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் மளமளவென்று ஏறியது. மெல்லுகிறவர்களில் பலர் சிகரெட்டும் மதுவும் பழகியவர்கள், ஆகவே பாக்கை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நாட்டு ஆய்வாளர்கள் மூன்று பழக்கங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். காவோசியுங் நகரத்து மருத்துவர்கள் 1995-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எந்தப் பழக்கமும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் பாக்கு மட்டும் மெல்லுகிறவருக்கு வாய்ப் புற்றுநோய் அபாயம் 28 மடங்கு, மூன்று பழக்கமும் சேர்ந்தவருக்கு 123 மடங்கு. அது சிறிய ஆய்வு. எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதே முக்கியம். பிறகு வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன. 2004-ல் அந்த முகமை தன் பழைய முடிவைத் திருத்தியது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது. சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பட்டியல் அது. பட்டியலில் இருப்பதெல்லாம் சம அளவு ஆபத்து என்று பொருளல்ல, சான்று சம அளவு உறுதி என்று பொருள். இதை வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் வீட்டு வாசல் வரை வராத செய்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

பாக்கு வாய்க்குள் என்ன செய்கிறது? ஒரு சிட்டிகை சீவலைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறோம். துவர்ப்பு ஊறுகிறது, உடம்பு லேசாகச் சூடேறுகிறது, மனம் விழித்துக்கொண்டது போல் இருக்கிறது. அந்தச் சுகம் அரிகோலின் என்ற வேதிப்பொருளின் வேலை. மறுபடி மறுபடி கேட்கவைப்பதும் அதுவே. இதே பொருள் கன்னத்தின் உட்தோலில் இருக்கும் செல்களைத் தூண்டி நார்ப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கிறது. பாக்கின் துவர்ப்புச் சத்தும் அதிலுள்ள தாமிரமும் அந்த நார் கரையாதபடி இறுக்கிக் கட்டுகின்றன. சுண்ணாம்பு சேரும்போது செல்களின் மரபுப்பொருளைத் தாக்கும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. முதலில் சாம்பாரின் காரம்கூடத் தாங்காமல் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவிப் பார்த்தால் உள்ளே கயிறு ஓடுவது போல விறைத்திருக்கும். நாளடைவில் வாய் திறப்பது குறைந்து, இட்லியை விண்டு போடுவதே பாடாகும். இது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய படி. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நிலையில் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் கவனித்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் நாக்கிலும் நாக்கின் அடியிலும் வரும். நம்மிடம் அது அதிகம் வருவது கன்னத்திலும் ஈறிலும், அதாவது பாக்கை அடக்கிவைக்கும் இடத்தில்.

தாத்தா தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். இருக்கலாம். மெல்லுகிற எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று எவரும் சொல்லவில்லை. தாத்தாவை நினைவில் வைத்திருக்கும் ஊர், நாற்பது வயதில் தாடையை இழந்தவரை நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால்தான் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022-ல் உலகில் வாய்ப் புற்றுநோய் கண்ட சுமார் 3,89,800 பேரில் ஏறத்தாழ 1,20,200 பேருக்குக் காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும் என்று அதே முகமை கணக்கிட்டது. அவர்களில் சுமார் 83,400 பேர் இந்தியர்கள்.

வெற்றிலை மருந்தாயிற்றே என்ற வாதமும் உண்டு. வெற்றிலையின் மேல் எனக்கும் புகார் இல்லை. முகமை பட்டியலில் தனியாகச் சேர்த்தது பாக்கைத்தான், வெற்றிலையை அல்ல. சடங்கைக் கைவிடச் சொல்வதும் என் நோக்கமல்ல. நிச்சயதாம்பூலத்துக்கு வெற்றிலையும் பாக்கும் தட்டில் இருந்தால் போதும். மாற்றிக்கொள்வதுதான் சடங்கு, மெல்லுவது அல்ல. விசேஷ நாளில் ஒருமுறை போடுவது வேறு, நாள் முழுக்கச் சட்டைப்பையில் பொட்டலம் வைத்திருப்பது வேறு. எனக்குப் பெரிய கவலை இரண்டாவதுதான். வெற்றிலைச் செல்லமும் பாக்குவெட்டியும் போய், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வாசனைப் பாக்கு வந்துவிட்டது. பள்ளிச் சிறுவன்கூட அதை மிட்டாய் போல வாங்க முடியும். குட்காவுக்குத் தடை போட்ட தமிழகத்தில் வெறும் பாக்குக்குத் தடை இல்லை. பாக்கு மெல்வது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பொடி எழுத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

பழக்கத்தை ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கும் தைவானே பதில். அங்கே 2007-ல் ஆண்களில் 17 சதவீதம் பேர் பாக்கு மென்றார்கள். பிரசாரமும் இலவச வாய்ப் பரிசோதனையும் சேர்ந்து பத்தாண்டில் அது சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. பரிசோதனையின் பலனுக்குக் கேரளம் சாட்சி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் இன்றே நிறுத்துங்கள். இறுகிய சதை முழுதாகப் பழையபடி ஆவது அரிது, ஆனால் மேலும் இறுகாமல் தடுக்கலாம். இன்று இரவு கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ தெரிந்தாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் வாயைக் காட்டுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.