ஆளைப் பார்த்து நிறுத்துகிறார்களா? கண்டுபிடிக்க ஒரு கணக்கு

"மலைக்காரன் என்றாலே போலீஸ் நிறுத்துகிறது" என்று கொல்லிமலைச் சோளக்காட்டு ஊர்க்காரர் ஒருவர் சொன்னால், அது வெறும் மனக்குறையா, உண்மையா? கணக்குப் போட்டுச் சொல்லலாம். எந்தக் கணக்கு என்பதில்தான் சூட்சுமம்.

நிறுத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் மலையாளிப் பழங்குடியினர் (கொல்லிமலை போன்ற மலைகளில் வாழும் தமிழர்கள், கேரளத்தவர் அல்ல) என்றால் போதுமா? போதாது. சோளக்காடு சந்தையில் எப்படியும் அவர்கள்தான் அதிகம். சேலம் பஸ் நிலையத்தில் பாதி என்றால் கதை வேறு. அந்த நேரத்தில் அங்கே யார் யார் நடமாடினார்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

"தப்பு செய்கிறவர்களைத்தானே நிறுத்துகிறோம்" என்று போலீஸ் சொன்னால்? அப்போது சிக்கும் விகிதத்தை (நிறுத்திய நூறு பேரில் எத்தனை பேரிடம் ஏதாவது கிடைத்தது) பாருங்கள். நியூயார்க்கில் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் முறை ஆட்களை நிறுத்தினார்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆயுதம் கிடைத்ததோ அவர்களிடம் நூற்றுக்கு 1, வெள்ளையரிடம் 1.4. கறுப்பர் என்றால் அற்பச் சந்தேகமே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அங்கே நிறுத்தும்போதெல்லாம் போலீஸ் படிவம் நிரப்ப வேண்டும், ஒன்றும் சிக்காவிட்டாலும். நம் ஊரில் கைது என்றால் காகிதம் உண்டு. நிறுத்தி, மிரட்டி அனுப்பினால் பெரும்பாலும் தடயமே இல்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று தமிழகத்தார் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர். சிலரைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிக் கொண்டுபோனதாகச் சாட்சிகள் கூறினார்கள். அப்படி இறக்கிப் பிறகு விடப்பட்டவர்கள் எத்தனை பேர்? பதிவில்லாமல் எப்படி எண்ணுவது?

ஆகவே நீங்களே எழுதி வையுங்கள்: நாள், நேரம், இடம், போலீஸ்காரரின் பெயர்ப்பட்டை, சொன்ன காரணம், ஏதாவது சிக்கியதா. கூட வந்தவர்களில் யாரை நிறுத்தவில்லை என்பதையும் எழுதுங்கள். ஒப்பிட அதுதான் வேண்டும். ஒருவருடைய குறிப்பு புகாருக்கு உதவும். ஊரே எழுதிச் சேர்த்தால்தான் கணக்கு.

கைது செய்தால்? காரணத்தைச் சொல்லி, உறவினருக்குத் தெரிவித்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணம்? 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு கிடையாது; சாதிச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள்.