உங்கள் செல்பேசி எண் கட்சிக்காரர் கைக்கு எப்படிப் போனது?

திருப்பனந்தாள் பக்கம் விவசாயம் செய்கிறவர்களிடம் எங்கே போனாலும் முதலில் கேட்பது செல்பேசி எண்ணைத்தான். பயிர்க் காப்பீட்டுக்கு எண், கூட்டுறவுக் கடனுக்கு எண், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் எண். கொடுக்காமல் வேலை நடக்காது. தேர்தல் வந்ததும் அந்த எண்ணுக்கு வேட்பாளரின் குரல் வருகிறது. கேட்காமலே யாரோ ஒருவர் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிடுகிறார். வாக்காளர் பட்டியலைப் பார்த்து எடுத்திருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறோம். வெளியிடப்படும் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் இருக்கும். செல்பேசி எண் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். காரைக்காலையும் சேர்த்த புதுச்சேரியில் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்பு, வாக்குச்சாவடி வாரியான வாட்ஸ்ஆப் குழுக்களில் சேரச் சொல்லி பாஜக சார்பில் குறுஞ்செய்திகள் போயின. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அவை வந்தன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்தார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் அவை என்றது கட்சி. நீதிமன்றம் புகாரை ஒதுக்கித் தள்ளவில்லை. ஆதார் ஆணையம் இதை விசாரிக்க வேண்டும் என்றது.

ஒரு கட்சியோடு முடிகிற விஷயமில்லை இது. 2025 ஜூலையில் திமுக நடத்திய 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில் வீட்டு வாசலிலேயே ஓடிபி கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

ஓடிபி என்பது வீட்டுச் சாவி. வாட்ஸ்ஆப் கணக்கும் வங்கிக் கணக்கும் அதில்தான் திறக்கின்றன. கட்சிக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாளை இன்னொருவர் வரலாம். தெரிந்த பையன்தானே என்று வயதானவர்கள் செல்பேசியையே எடுத்து நீட்டிவிடுவதுதான் எனக்குப் பெரும் கவலை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வாக்குச்சாவடி வாரியான குழு என்றால் அதில் இருப்பவர்கள் நாலைந்து தெருக்காரர்கள். யார் சேர்ந்தார், யார் வெளியேறினார் என்று குழுவை நடத்துபவருக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்கும் மானியத்துக்கும் அதே ஆளிடம் போய் நிற்க வேண்டிய குடும்பம் பயந்துகொண்டு உள்ளேயே இருந்துவிடும். அந்தப் பயம் வேண்டாம். குழுவில் இருந்தாலும் வெளியேறினாலும், எந்தச் சின்னத்தில் அழுத்தினீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தெரியும் என்று சொல்லி மிரட்டினால் அதுவே தேர்தல் குற்றம்.

வருகிற குரலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2018ல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவுக் காணொளியில் வாழ்த்திப் பேசினார். அங்கே இருந்தவர்களுக்கு அது செய்யப்பட்டது என்று தெரியும். அதே உத்தியில் வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் காணொளி, வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு நம் தெருக் குழுவுக்கு வந்தால் என்ன செய்வது? போலிக் காணொளி கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் அதை நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, அதை மேலே அனுப்பாமல், திரையைப் படமெடுத்து, அனுப்பியவர் எண்ணோடும் நேரத்தோடும் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுப்பது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணமோ பரிசோ கண்ணெதிரே கொடுத்தால் சி-விஜில் செயலி இருக்கிறது. அந்த இடத்தில் நின்று செயலியிலேயே படம் எடுக்க வேண்டும். பழைய படத்தை ஏற்ற முடியாது. உங்கள் பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் வாக்குறுதி. தேர்தல் காலத்தில் மட்டுமே இது இயங்கும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்க 1950. ஓடிபி கொடுத்துப் பணம் போய்விட்டால், கொஞ்சமும் தாமதிக்காமல் 1930.

இன்று இரவே ஒன்று செய்யலாம். வாட்ஸ்ஆப்பின் தனியுரிமை அமைப்பில், குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். அம்மா, அப்பா செல்பேசியிலும் மாற்றிக் கொடுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017ல் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அடுத்த முறை வாசலில் எண் கேட்பவரிடம், எதற்கு, யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் திருப்தி தராவிட்டால் எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை.