கால் எட்டாத பைக்

உலு யாம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில், மழை அரித்த செம்மண் பாதையில் கப்சாய் எனும் தாழ்வான சிறிய பைக்கை ஓட்டினால் அடிப்பாகம் இடிக்கும். மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான பைக்குகள் உயரமாக இருப்பது அதனால்தான். சக்கரம் மேலும் கீழும் நிறைய அசைய இடம் வேண்டும். யமஹா டபிள்யூஆர்155ஆர் இருக்கை 880 மில்லிமீட்டர். குள்ளமானவர் என்ன செய்வது?

எண்ணைப் பார்த்தே மிரள வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி இருக்கை சில சென்டிமீட்டர் இறங்கும். முன்பகுதி ஒல்லியாக இருந்தால் தொடை விரியாமல் கால் நேராக இறங்கும்.

சிக்கல் நிறுத்தும்போதுதான். கால் எட்டும்வரை பைக்கைச் சாய்க்க வேண்டும். சாய்வு கூடக்கூட எடை பக்கவாட்டில் விலகி, கவிழ்க்கும் திருப்புவிசை ஏறுகிறது. ஆகவே உயரத்துக்கு முன் எடையைப் பாருங்கள் என்பேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் இருக்கை 800 மில்லிமீட்டர்தான். எடையோ 190 கிலோவுக்கு மேல். டபிள்யூஆர் சுமார் 134. சேற்றில் கவிழ்ந்த பைக்கைத் தனியாகத் தூக்குபவரின் இடுப்புக்கு இந்த வித்தியாசம் புரியும்.

பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றிப் பின்புறத்தை இறக்குவோரும் உண்டு. அதை மட்டும் செய்தால் முன் ஃபோர்க் கூடுதலாகச் சாய்ந்து ஹேண்டில் மந்தமாகும். ஃபோர்க்கையும் கிளாம்புக்குள் மேலேற்ற வேண்டும். சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும், இல்லையேல் பைக் நிமிர்ந்து நின்று மறுபக்கம் சாயும். தரை இடைவெளியும் குறையும். இருக்கையில் ஒருபுறம் நகர்ந்து ஒற்றைக் காலை ஊன்றப் பழகுவதற்குச் செலவே இல்லை.