பொலோனியாவுக்கு இரண்டு நாள் வேண்டும்

புளோரன்சிலிருந்து வெனிசுக்கு ரயிலில் போகிறவர்கள் நடுவில் பொலோனியாவைக் கடக்கிறார்கள். சிலர் இறங்கி, பெட்டியைக் காப்பறையில் போட்டுவிட்டு, சதுக்கத்தில் ஒரு படம், ஒரு தட்டு பாஸ்தா என்று மூன்று மணி நேரத்தில் முடித்து அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். இந்த ஊருக்கு இது சரிப்பட்டு வராது. இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அரைமணி நடைக்குள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. தேவாலயங்கள் சில மதியம் சாத்தப்படும். ஞாயிறு காலை பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது. திங்களன்று அருங்காட்சியகங்கள் பல விடுமுறை. எதை எப்போது பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் சனியும் ஞாயிறும் போதும்.

முதல் வேலை தேதியைத் தேர்வது. ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். ஆகஸ்டு நடுவில் ஊரே விடுமுறைக்குப் போய்விடும். நல்ல உணவகங்கள் பூட்டிக் கிடக்கும், வெயிலும் தாங்காது. பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. பொலோனியா வணிகக் கண்காட்சிகளின் ஊர். வசந்த காலத்தில் நடக்கும் சிறுவர் புத்தகக் கண்காட்சிக்கும் அழகுசாதனக் கண்காட்சிக்கும் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருவதால் அந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். கண்காட்சி நாட்காட்டியைப் பார்த்த பிறகே விமான டிக்கெட்டைத் தொடுங்கள்.

வெள்ளி இரவே வந்து சேர்வது உத்தமம். விமானத்தில் வந்தால் மர்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிடத்தில் மத்திய ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். மிலானிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். புளோரன்சிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள். நிலையத்தை விட்டு வெளியேறும் முன் காத்திருப்பு அறைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1980 ஆகஸ்டு 2 அன்று அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். சுவரில் ஏற்பட்ட பிளவை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளிச்சுவரில் இருக்கும் கடிகாரம் 10.25-லேயே நிற்கிறது.

நிலையத்திலிருந்து ஊர் நடுவே இருக்கும் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்துக்கு இந்திபென்தென்சா சாலை வழியாக இருபது நிமிட நடை. வாடகைக் கார் தேவையில்லை. மழை பெய்தாலும் தேவையில்லை, ஏனென்றால் நடைபாதைக்கு மேல் கூரை இருக்கிறது. போர்ட்டிகோ எனப்படும் இந்தக் கூரை நடைபாதைகள் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளம். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இவை வந்தது இங்குள்ள பல்கலைக்கழகத்தால். அது தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டு 1088. மாணவர்கள் வந்து குவிந்ததும் இடம் போதாமல், வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டிக் கீழே தூண் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் இப்படி நீட்டியதை நகராட்சி இடிக்கச் சொன்னது. பொலோனியாவோ 1288-இல் புது வீடுகளுக்குப் போர்ட்டிகோவைக் கட்டாயமாக்கியது. குதிரையில் வருகிறவன் தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம். நடக்கும் உரிமை ஊருக்கு.

சனி காலை ஒன்பது மணிக்கு பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் இருங்கள். ஓரத்தில் ஜாம்பொலோன்யா 1560-களில் வார்த்த நெப்டியூன் வெண்கலச் சிலை. 1914-இல் இந்த ஊரில் பிறந்த மஸெராட்டி கார் நிறுவனம் தன் சின்னத்துக்கு இவன் கையிலிருக்கும் திரிசூலத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்திலேயே போதெஸ்தா மாளிகையின் அடிவளைவு. அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெல்லப் பேசினால் எதிர்மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். கூட்டம் வந்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஆகவே காலையிலேயே பேசிவிடுங்கள்.

பத்து மணிக்கு ஆர்க்கிஜின்னாசியோ. 1563-இல் கட்டி முடித்த பழைய பல்கலைக்கழகக் கட்டடம். சுவரும் கூரையும் தெரியாத அளவுக்கு ஆயிரக்கணக்கான மாணவர்களின் குலச்சின்னங்கள். மாடியில் 1637-இல் தொடங்கிய உடற்கூறு அரங்கம்: நடுவில் பிணத்தை அறுத்துக் காட்டிய பளிங்கு மேசை, சுற்றிலும் மரப்படிகள், பேராசிரியரின் இருக்கைக்கு மேலே விதானத்தைத் தாங்கும் தோலுரித்த இரண்டு மனிதர்கள். 1944 ஜனவரி 29 குண்டுவீச்சில் இந்த அரங்கம் நொறுங்கியது. இடிபாட்டிலிருந்து பொறுக்கியெடுத்த துண்டுகளை வைத்து மறுபடி கட்டினார்கள். இதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம்.

அடுத்தது சான் பெத்ரோனியோ. இங்கே நேரம் முக்கியம். 1390-இல் தொடங்கிய இந்தப் பெரும் தேவாலயத்தின் முகப்பு இன்னும் முடியவில்லை. கீழ்ப்பாதி பளிங்கு, மேற்பாதி வெறும் செங்கல். முகப்பைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உள்ளே இடதுபுறத் தரையில் கிடப்பதைத் தவறவிடுகிறார்கள். ஜொவான்னி தொமேனிக்கோ காசினி 1655-இல் பதித்த 67 மீட்டர் நீளக் கோடு அது. மேலே சுமார் 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் சூரிய வட்டம் உள்ளூர் உச்சிவேளையில் கோட்டைத் தொட்டுக் கடக்கும். கோடையில் சூரியன் உயரே இருப்பதால் வட்டம் துளைக்குக் கிட்டத்தில் சிறிதாக விழும். டிசம்பரில் கோட்டின் மறுமுனையில் பெரிதாக நீண்டு விழும்.

ஈஸ்டர் தேதியைச் சரிபார்க்கத் திருச்சபைக்கு இது தேவைப்பட்டது. காசினிக்கு வேறு கேள்வியும் இருந்தது. ஆண்டு முழுவதும் அந்த வட்டத்தை அளந்து, சூரியனின் தோற்ற அளவு எவ்வளவு மாறுகிறது, அதற்கும் அதன் வேக மாற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார். கெப்ளர் சொன்னதோடு கணக்கு ஒத்துப்போனது. கலிலியோ தண்டிக்கப்பட்டு அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. போப்பின் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில், ஒரு தேவாலயத் தரையில் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. இத்தாலியில் நான் பார்த்த ஓவியக் கூரைகளைவிட இந்தத் தரைக்கோடு எனக்குப் பெரிது.

நேரக் கணக்கு இதுதான்: குளிர்காலக் கடிகாரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டேகால், கோடைக்காலக் கடிகாரத்தில் ஏறத்தாழ ஒன்றேகால். மாதத்துக்கு மாதம் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகும். தேவாலயம் மதியம் எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள் என்று காலையில் சதுக்கத்துக்கு வரும்போதே வாசலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கோட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

சாப்பாட்டுக்குச் சதுக்கத்தின் கிழக்கே இருக்கும் குவாத்ரிலாத்தெரோ சந்துகள். மீன், பாலாடைக்கட்டி, தொங்கும் பன்றித்தொடை, மலைபோல் மொர்த்தாதெல்லா. உலகம் ஸ்பகெத்தி போலோன்யேஸ் என்று சாப்பிடுவதை இங்கே கேட்காதீர்கள். இறைச்சிக் குழம்பான ராகூவுக்கு இவர்கள் சேர்ப்பது பட்டையான தாலியதெல்லே பாஸ்தாவை. அதன் அகலத்தை 1972-இல் வணிக மன்றத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர், அதாவது இந்த ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம். சாப்பாட்டு விஷயத்தில் இவர்கள் விளையாடுகிறார்களா, நிஜமாகவே சொல்கிறார்களா என்று கண்டுபிடிப்பது கடினம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: தொர்த்தெல்லினி சிறியது, உள்ளே பன்றியிறைச்சி, மிதப்பது இறைச்சிச் சாற்றில். தொர்த்தெல்லோனி பெரியது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்த்திருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். மேசையில் உட்கார்ந்ததற்கான கட்டணம் அது, எல்லோருக்கும் உண்டு.

சாப்பிட்ட கையோடு அதே சந்துகளுக்குள் இருக்கும் சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயத்துக்குப் போங்கள். இறந்த ஏசுவைச் சுற்றி ஆறு பேர் துக்கப்படும் சுடுமண் சிலைத் தொகுதி இங்கே இருக்கிறது. நிக்கோலோ தெல்லார்கா 15-ஆம் நூற்றாண்டில் செய்தது. ஆண்கள் இருவரும் அடக்கத்தோடு இருக்கிறார்கள். பெண்களோ ஓலமிடுகிறார்கள். ஒருத்தி தொடையைப் பற்றிக்கொள்கிறாள். ஒருத்தி பார்க்க முடியாமல் இரண்டு கையையும் முன்னே நீட்டித் தடுக்கிறாள். மக்தலேனாள் ஓடி வருகிற வேகத்தில் முக்காடும் ஆடையும் பின்னால் பறக்கின்றன, வாய் பிளந்திருக்கிறது. மறுமலர்ச்சிக் காலச் சிற்பத்தில் எல்லா முகமும் அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் பெண்கள் விழுந்து அழுவதைப் பார்த்தவர்களுக்கு எந்த வழிகாட்டியும் விளக்க வேண்டியதில்லை. சிறு கட்டணம் உண்டு. அரைமணியாவது ஒதுக்குங்கள், பின்பக்கம் தெரியும்படியும் நகர்ந்து பாருங்கள்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் இரட்டைக் கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர். பக்கத்தில் 48 மீட்டரில் காரிசெண்டா, கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டிலேயே பயந்துபோய் மேற்பகுதியை வெட்டிக் குறைத்தார்கள். தாந்தே தன் காவியத்தில் குறிப்பிடுவது வெட்டுவதற்கு முந்தைய கோபுரத்தை. 2023 அக்டோபரில் அதன் அசைவு கவலை தரவே, சுற்றிலும் வேலி போட்டு அசினெல்லியின் 498 படிகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு முன் அதில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது மாணவர்களின் நம்பிக்கை, ஆகவே அவர்களுக்கு நட்டமில்லை. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் சதுக்கத்தில் இருக்கும் நகராட்சி மாளிகையின் கடிகாரக் கோபுரத்துக்கு நேரம் குறித்து டிக்கெட் எடுங்கள்.

மாலையை சாந்தோ ஸ்தெஃபனோவில் முடிக்கலாம். கோபுரங்களிலிருந்து ஸ்திராதா மஜ்ஜோரே வழியாகப் போனால் காஸா இஸோலானி வரும்: 13-ஆம் நூற்றாண்டு வீடு, ஒன்பது மீட்டர் உயர ஓக் மரத்தூண்கள் மூன்றாம் மாடியைத் தாங்குகின்றன. உத்தரத்தில் மூன்று அம்புகள் தைத்திருப்பதாக ஒரு கதை உண்டு. அண்ணாந்து தேடும் கூட்டத்தைப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். வீட்டினூடே போகும் வழி சாந்தோ ஸ்தெஃபனோ சதுக்கத்தில் கொண்டுவிடும். ஏழு தேவாலயங்கள் என்று பெயர். ஒன்றுக்குள் ஒன்றாக இன்று எஞ்சியவை நான்கு. இருட்டான ஓர் அறையைக் கடந்து, முற்றத்துக்கு வந்து, மறுபடி இருட்டுக்குள் போவதாக இருக்கும் அந்த அமைப்பு. இரவுக்கு, குவாத்ரிலாத்தெரோவில் 1465 முதல் இருப்பதாகச் சொல்லும் ஓஸ்தெரியா தெல் சோலே. அங்கே குடிப்பதற்கு மட்டும்தான் கிடைக்கும். தின்பதை நாம் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

ஞாயிறு காலை ஊர்த் தேவாலயங்களில் பூசை. அந்த நேரத்தை சான் லூக்கா மலைக்குக் கொடுங்கள். பழைய நகர எல்லையில் இருக்கும் போர்த்தா சரகோட்சா வாயிலிலிருந்து மலையுச்சி வரை ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், முழுதும் கூரை. 1433-இல் விடாத மழையில் பயிர் அழுகும் நிலை வந்தபோது, மலையிலிருந்த மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது. அதன் பிறகு ஆண்டுதோறும் மே மாத வாக்கில் மாதா இறங்கி வருகிறாள். ஊர்வலம் நனையாமல் இருக்க 1674-இல் இந்தப் போர்ட்டிகோவைத் தொடங்கினார்கள். பிரபுக்கள், கைவினைச் சங்கங்கள், வேலைக்காரர்கள் என்று ஆளாளுக்குப் பணம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்களைச் சுவரில் படித்துக்கொண்டே ஏறலாம்.

முதல் பாதி சமதளம், வீடுகளின் வாசல் வழியாகவே போகிறது. அது அலுத்தால் மெலொன்செல்லோ வளைவு வரை நகரப் பேருந்தில் போய்விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அங்கிருந்து ஏற்றமும் படிகளும். 2024-இல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பக்கத்துச் சாலையில் இந்த மலையை ஒரே நாளில் இரண்டு முறை ஏறியது. நடப்பவருக்கு வாயிலிலிருந்து மேலே போய்ச்சேர ஒரு மணி நேரம், நின்று நின்று போனால் ஒன்றரை. தண்ணீர் கையில் இருக்கட்டும். பாதையில் உள்ளூர்க்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாட்டிகள் நம்மைத் தாண்டிப் போவார்கள். உச்சியில் இருக்கும் தேவாலயத்தைவிட, அதன் பின்பக்கம் தெரியும் அப்பென்னீனோ மலையடிவாரம்தான் எனக்குப் பிடித்தது. இறங்கும்போது முழங்கால் வலிக்கும் என்றால் சதுக்கத்துக்குத் திரும்பும் சுற்றுலா வண்டி உண்டு. மெலொன்செல்லோவுக்குப் பக்கத்தில் கால்பந்து மைதானம் இருப்பதால் ஆட்டம் உள்ள ஞாயிறாக இருந்தால் பேருந்தில் இடம் கிடைப்பது சந்தேகம்.

பிற்பகல் சான் தொமேனிக்கோ தேவாலயம் திறந்ததும் போய், புனித தொமினிக்கின் கல்லறையில் மூன்று சிறு பளிங்கு உருவங்களைத் தேடுங்கள். 1494-95-இல் இருபது வயதை ஒட்டிய மைக்கலாஞ்சலோ செய்தவை: விளக்குத்தண்டு ஏந்திய வானதூதன், புனித புரோக்குலுஸ், கையில் பொலோனியாவின் மாதிரியை வைத்திருக்கும் புனித பெத்ரோனியோ. கூட்டமே இருக்காது. இதே மனிதர் பின்னாளில் செய்த தாவீதைப் பார்க்க புளோரன்சில் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம் என்று அப்போது ஞாபகம் வரும்.

நிலையத்துக்குப் போகும் வழியில் பியெல்லா தெருவில் ஒரு சிறு சன்னல். திறந்தால் வீடுகளுக்கு நடுவே கால்வாய். பட்டு ஆலைகளையும் மாவு ஆலைகளையும் ஓட்டிய தண்ணீர்ப் பாதைகளில் மூடாமல் மிஞ்சியது. நல்ல வெயில் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம். படங்களில் தெரிவதைவிட இடம் சிறியது. ரயிலுக்கு அரைமணி முன்பே நிலையத்தில் இருங்கள். அதிவேக ரயில்கள் பலவும் நிற்கும் 16 முதல் 19 வரையிலான நடைமேடைகள் நிலத்தின் கீழ் ஆழத்தில் இருக்கின்றன; வாசலிலிருந்து அங்கே போய்ச்சேர நகரும் படிகளிலேயே பத்து நிமிடம் ஆகும். பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்திருந்தால் ஏறும் முன் முத்திரை இயந்திரத்தில் செருகி எடுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.