மருந்தின் வேகம் லாட்டில் இருக்கிறது

கொல்லிமலை, கல்வராயன் மலை வட்டாரங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடும்படி காவல்துறை அறிவிப்பது பழகிப்போன செய்தி. மரவள்ளிக் காட்டைப் பன்றி உழுதுபோடுவதில் தொடங்கி வேட்டை ஆசை வரை அந்தத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் பல காரணங்கள். குழலின் வாய்வழியே மருந்து போட்டு, இடித்து, பால்ரஸ் போட்டுச் சுடுகிற கருவி அது. உள்ளே போகிற மருந்தின் அளவு பெரும்பாலும் கைப்பழக்கத்தில் நிற்கிறது. கைப்பழக்கம் செல்லுபடியாவதற்குக் காரணம், அதில் போடுவது கரிமருந்து. அதே அளவில் ராணுவ மருந்தைப் போட்டால் குழல் வெடித்துவிடலாம். ராணுவ மருந்து மட்டமானது என்பதால் அல்ல. அது மிக நல்ல மருந்து. ஆனால் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்காக, ஒரு குறிப்பிட்ட லாட்டாக, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியாக, அளந்து பார்த்த மருந்து. அந்த லாட் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

துப்பாக்கி மருந்து வெடிக்கிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், நல்ல துப்பாக்கிக்குள் அது எரியத்தான் செய்கிறது. குருணையின் வெளிப்பரப்பில் தீப்பிடித்து, அடுக்கடுக்காக உள்நோக்கி எரிந்துகொண்டு போகிறது. கனமான விறகைவிடச் சுள்ளி சீக்கிரம் எரிந்து தீர்வது மாதிரிதான்: மெல்லிய குருணை சீக்கிரம் முடியும், தடித்தது மெல்ல முடியும். இந்த முழு வேலையும் ரைபிளில் ஒன்றரை மில்லி செகண்டுக்குள் நடந்துவிடுகிறது. அதற்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 3,500, 4,000 மடங்கு வரை ஏறி இறங்குகிறது.

ராணுவம் பயன்படுத்தும் புகையில்லா மருந்தை 1884இல் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பால் வியே, அது எரியும் வேகத்துக்கும் சுற்றியுள்ள அழுத்தத்துக்கும் உள்ள உறவை அளந்து சொன்னவர். அழுத்தம் கூடினால் எரிவேகம் கூடும். எரிவேகம் கூடினால் வாயு இன்னும் வேகமாகப் பெருகும், அழுத்தம் மேலும் கூடும். ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிற இந்தச் சுழல் புகையில்லா மருந்தில் மிகக் கடுமையானது. அழுத்தம் இரட்டித்தால் எரிவேகமும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. கரிமருந்தில் இந்தச் சுழல் பலவீனம். அளவில் சிறிது கூடக்குறைய இருந்தாலும் அது ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. புகையில்லா மருந்தோ கொஞ்சம் மாறினாலும் பதிலை நிறையவே மாற்றிவிடும்.

அந்தக் கொஞ்ச மாற்றம் எங்கிருந்து வருகிறது? பதிலைத் தேட நாம் வெகுதூரம் போகவேண்டாம். இன்னொரு மலையில், குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில், 1904இல் உற்பத்தியைத் தொடங்கிய கார்டைட் ஃபாக்டரி இருக்கிறது. நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் ஊட்டிக்குப் போகவேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் .303 ரைபிளுக்கான கார்டைட் அங்கே தயாரானது. 2021 அக்டோபரில் ராணுவத் தளவாட ஆலைகளை நிறுவனங்களாகப் பிரித்தபோது அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. ஆலையின் பெயரில் உள்ள கார்டைட் என்ற புகையில்லா மருந்தை 1889இல் ஃப்ரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இருவர் உருவாக்கினார்கள். முதல் வகையில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அது குழலை அரித்துத் தின்றதால், போயர் யுத்தத்துக்குப் பிறகு 30 சதவீதமாகக் குறைத்தார்கள். பெயர் கார்டைட்டாகவே இருந்தது, குணம் வேறாகிவிட்டது.

கலவையை ஒருவரும் தொடாமல் விட்டாலும் மருந்து மாறும். மூலப்பொருள் பருத்தி, அதாவது விளைச்சலுக்கு விளைச்சல் மாறுகிற ஒரு செடியின் நார். அதில் ஏறும் நைட்ரஜன் 12.6 சதவீதமா, 13.2 சதவீதமா என்பதில் சூடு மாறும். பிசைந்த மாவை அச்சில் அழுத்தி இழையாக எடுத்து நறுக்கும்போது, அச்சு தேய்ந்திருந்தால் குருணையின் தடிமன் இம்மியளவு கூடும். கரைப்பான் முழுக்க ஆவியாகாமல் சிறிது தங்கினால் எரிவு மந்தமாகும். ஈரம் தங்கினாலும் அப்படித்தான். குருணையின் மேற்பரப்பில் ஊறவைக்கிற, தொடக்க எரிவை அடக்கும் பூச்சு எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது இன்னொரு கணக்கு. ஒவ்வொன்றும் சின்ன வித்தியாசம். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால், ஒரே ஆலையில், ஒரே பெயரில், அடுத்தடுத்த மாதங்களில் வந்த இரண்டு லாட்கள் கண்ணுக்கு ஒன்றாகவும் துப்பாக்கிக்கு இரண்டாகவும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை அழகானது. தடித்த எஃகுக் கலம் ஒன்று. அதற்குள் நிறுத்து எடுத்த மருந்து. கலத்தை இறுக மூடி, மின்பொறியால் பற்றவைக்கிறார்கள். உள்ளே இருந்து எதுவும் வெளியேற வழியில்லை. சுவரில் பதித்த உணர்வி, அழுத்தம் ஏறுவதை நொடியின் மிக நுண்ணிய பகுதிகளாக வரைந்து தருகிறது. கோடு எந்த உயரத்துக்குப் போகிறது என்பது மருந்தின் பலம். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது அதன் வேகம். அதே சூழலில் ஏற்கெனவே தெரிந்த மேற்கோள் லாட் ஒன்றையும் எரித்து, புதியதை அதனோடு ஒப்பிட்டுச் சதவீதமாக எழுதுகிறார்கள். பிறகு சோதனைக் குழலில் நிஜத் தோட்டாவாகவே சுட்டுப் பார்ப்பார்கள். மின் உணர்விகள் வருவதற்கு முன் இங்கே ஒரு சிறு செம்பு உருளையை வைத்திருந்தார்கள். அழுத்தம் அதை நசுக்கும். எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்று மைக்ரோமீட்டரில் அளந்து அழுத்தத்தைச் சொல்லிவிடுவார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கி அறிவியல் அந்தச் செம்புத் துண்டுகளின்மேல் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இனி விஷயத்தின் கரு. சோதனையில் ஒரு லாட் வேகமாகத் தெரிந்தால் ராணுவத் தோட்டா ஆலை உடனே அதைத் திருப்பி அனுப்பிவிடாது. விதித்த எல்லைக்குள் இருந்தால் ஏற்றுக்கொண்டு, அந்த லாட்டுக்கென்று தோட்டாவில் போடும் மருந்தின் எடையை மாற்றிக்கொள்ளும். வேகமான லாட்டுக்கு எடை குறையும், மந்தமானதுக்குக் கூடும். ராணுவத்துக்கு வேண்டியது குண்டு குறித்த வேகத்தில் போவதும், அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் இருப்பதும்தான். மருந்தின் எடை அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். ஆகவே மருந்துப் பீப்பாயின்மேல் உள்ள லாட் எண் ஒரு கோப்பின் முகவரி. அந்தக் கோப்பில்தான் இந்த மருந்தை எவ்வளவு போடலாம் என்ற விடை இருக்கிறது.

பீப்பாய் கோப்பைப் பிரிந்து வெளியே வந்தால் என்ன ஆகும்? இதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவத்திடம் மலைபோல் மருந்து மிஞ்சியது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் 1940களின் பிற்பகுதியில் அதை மொத்தமாக வாங்கி, தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் பொழுதுபோக்குச் சுடுநர்களுக்குச் சில்லறையில் விற்றார். கராண்ட் ரைபிளுக்கான 4895, 20 மில்லிமீட்டர் பீரங்கிக்கான 4831 ஆகிய மருந்துகள் அப்படிப் புகழ்பெற்றன. கையிருப்பு தீர்ந்ததும் அதே எண்களில் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஆனால் கடையில் விற்கும் மருந்துக்கு வேறு ஒழுங்கு தேவைப்பட்டது. வாங்குகிறவர் கையில் அழுத்தக் கருவி கிடையாது. அச்சிட்ட அட்டவணை ஒன்றுதான். அதனால் வேகமான லாட்டையும் மந்தமான லாட்டையும் கலந்து, ஒவ்வொரு டப்பாவும் அட்டவணைக்குப் பொருந்தும்படி ஆக்குகிறார்கள். உபரி மருந்துக்கு அந்தக் கலப்பு நடந்திருக்காது. டபிள்யூசி 852 என்ற ஒரே பெயரில் வேகமான லாட்டும் மந்தமான லாட்டும் சந்தைக்கு வந்தன. அட்டவணையை அப்படியே நம்பி ஒன்றுக்குரிய அளவை இன்னொன்றில் போடுவது ஆபத்து என்பது அங்கே அரிச்சுவடிப் பாடம்.

கோப்பு, கலம், செம்பு உருளை எல்லாம் கையில் உள்ள ராணுவமே சறுக்கியிருக்கிறது. எம் 16 ரைபிளின் தோட்டாவுக்கு முதலில் தேர்ந்தெடுத்த மருந்து, குண்டுக்குக் கேட்ட வேகத்தையும் அழுத்த வரம்பையும் லாட்டுக்கு லாட் ஒருசேரக் காப்பாற்ற முடியாமல் திணறியது. 1964இல் வேறொரு மருந்துக்கு, உருண்டைக் குருணை கொண்ட டபிள்யூசி 846க்கு மாறினார்கள். குண்டின் வேகம் சரியாக வந்தது. ஆனால் எரிந்த விதம் வேறு. ரைபிளின் இயக்கம் வேகமெடுத்தது. அந்த மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் வாயுக் குழாயில் படிந்தது. வியட்நாமில் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று 1967இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

பழசாகும்போது மருந்து இன்னும் மாறுகிறது. நைட்ரஜன் ஏறிய பருத்தி மெல்லத் தானே சிதையும். சிதையும்போது வரும் வாயு அடுத்த சிதைவைத் தூண்டும். அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ள டைஃபீனைலமின் போன்ற நிலைநிறுத்தியைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் மருந்துக்குக் காவல் இல்லை. டூலோன் துறைமுகத்தில் 1907இல் யெனா, 1911இல் லிபெர்தே என்ற இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்தபோது, குற்றம் சுமத்தப்பட்டது வியேயின் கெட்டுப்போன மருந்தின்மேல்தான்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ மருந்தோ வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்து இரும்பை மட்டும் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கிக் குழலின் எஃகு எது, அதன் ஒட்டு எத்தனை அழுத்தம் தாங்கும் என்று யாரும் அளந்ததில்லை. அதற்குள் லாட் தெரியாத, வயது தெரியாத புகையில்லா மருந்து போனால், தெரியாதவை எல்லாம் ஒன்றரை மில்லி செகண்டில் சுடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சந்திக்கின்றன. பரணிலோ பழைய பெட்டியிலோ பெயர் அழிந்த மருந்து டப்பா கிடைத்தால் திறக்கவோ, வெயிலில் காயவைக்கவோ, எரித்துப் பார்க்கவோ கூடாது. இருக்கிற இடத்திலேயே விட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கவேண்டும். அதைப் பாதுகாப்பாக அழிப்பதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள்.